புதன்கிழமையில் நின்றவர்

"முன்பல்லு ரெண்டும் கட்டினதுதான், அக்கா. சத்தியமா."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"சுட்ட சோளம் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். மாப்பிள்ளை கடவாயாலதான் கடிக்கிறார்."

விஜயலெட்சுமி சிரிப்பை அடக்கிக்கொண்டு அறிக்கையில் பல்லைப் பற்றி ஒரு வரி சேர்த்தாள். பதுளைக் கடைவீதியில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் நிலையம். வருகிற வேலையெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரிதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே எங்காவது பேச்சு நடந்ததா, டுபாயில் இருப்பதாகச் சொல்பவன் டுபாயில்தான் இருக்கிறானா. உதவியாளன், சாரதி, தேவைப்பட்டால் சோளம் வாங்கிக் கொடுப்பவன் எல்லாம் மபாஸ் ஒருவனே. அவனுடைய முச்சக்கரவண்டிதான் நிலையத்தின் வாகனம்; வேலையில்லாத நாட்களில் அதை ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக்குப் போடுவான்.

மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஏறி வந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன் நிஷாந்த்.

"மேடம், அப்பாவைக் காணோம்."

விஜயலெட்சுமி பேனாவைக் கீழே வைத்தாள். நிஷாந்தின் அப்பா அழகரை அவளுக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் அவரைக் கைபேசியில் படம்பிடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

அழகர் தோட்ட லொறி ஓட்டிய மனிதர். ஓய்வுபெற்ற பிறகு ஹாலிஎலயில் சொந்தமாக ஒரு வீடு கட்டித் தனியாக இருந்தார். பாரிசவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. கால் மட்டும் மெல்லத் தேறியது. ஒரே மகன் நிஷாந்த் அவரைப் பதுளையில் தன் வாடகை வீட்டுக்குக் கூட்டிவந்தான். பூட்டிக் கிடந்த ஹாலிஎல வீட்டை விற்கலாம் என்று பார்த்தால், அதற்கு அப்பாவின் சம்மதம் வேண்டும். "அவருக்கு விளங்குதா இல்லையான்னு தெரியாம நான் கைநாட்டு வாங்க மாட்டேன்" என்று பத்திரம் எழுதும் நொத்தாரிசு கையை விரித்துவிட்டார். அப்போதுதான் ஒரு சட்டத்தரணி இன்னொரு வழியைக் காட்டினார். அழகர் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று மாவட்ட நீதிமன்றம் தீர்மானித்தால், அவரையும் அவர் சொத்தையும் பார்த்துக்கொள்ள மகனையே நியமிக்கும். அந்த மனுவுக்குப் பலம் சேர்க்கத்தான் அந்த வீடியோப் படங்கள்.

"சின்னச் சின்னத் துண்டா இருக்கட்டும்மா. ஜட்ஜுக்கு நேரமில்ல" என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். விஜயலெட்சுமி அப்படியே வெட்டிக் கொடுத்தாள். சுலபமான வேலை. ஆனால் படம்பிடிக்கும்போது அழகர் அவளைப் பார்த்த பார்வை அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. வரும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

"எப்பயிலிருந்து காணோம்?"

"காலையில நானும் வைஃபும் வேலைக்குப் போகும்போது இருந்தாரு. மத்தியானம் வந்து பாத்தா ஆளில்ல. பொலிஸ்ல சொல்லிட்டேன். லோயருக்கும் சொன்னேன்." நிஷாந்த் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அவரு என்ன சொல்றாரு தெரியுமா? நல்லதாப் போச்சாம். அடுத்த வாரம் விசாரணை. நோக்கமில்லாம அலைஞ்சு திரியுறாருன்னு சேர்த்துக்கலாமாம். எங்க, எந்த நிலையில கிடைச்சாருன்னு நீங்க ஒரு அறிக்கை குடுக்கணுமாம். எனக்கு அதெல்லாம் இப்ப வேணாம், மேடம். அவரு எங்கயாவது தண்ணிக் கான்ல விழுந்து கெடந்தா?"

மபாஸ் ஏற்கெனவே வண்டிச் சாவியை எடுத்துவிட்டான்.

நிஷாந்தின் வீட்டு வாசலில் அழகரின் ஊன்றுகோல் சுவரில் சாய்ந்து நின்றது. குடையைக் காணோம். அலுமாரியில் வெள்ளைச் சட்டையைக் காணோம். கட்டில் பக்கத்தில் இருந்த பிரஷர் மாத்திரைகளையும் காணோம்.

"குடை ஊனி நடந்தா யாரும் நோயாளின்னு பாக்க மாட்டாங்க" என்றாள் விஜயலெட்சுமி.

"புத்தி பேதலிச்ச மனுஷன் குடையும் மருந்தும் கொண்டு போறார்" என்றான் மபாஸ். "புத்தியுள்ள நான் ரெண்டையும் ஒவ்வொரு நாளும் மறக்கிறேன்."

நிஷாந்த் அவர்களைச் சமையலறைக்கு அழைத்துப்போனான். மேசையில் ஒரு சோற்றுக் கோப்பை இருந்தது. அதன்மேல் ஒரு தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தட்டைத் தூக்கினால் கோப்பை நிறையத் தேயிலைத் தூள்.

"பாத்தீங்களா? இதத்தான் சொன்னேன். சாமானையெல்லாம் கண்ட எடத்துல கொட்டி வைக்கிறாரு. மனுவுலயும் போட்டிருக்கு."

விஜயலெட்சுமி குனிந்து பார்த்தாள். ஒரு கை விளங்காத மனிதர் கொட்டியிருக்கிறார். மேசையில் ஒரு துகள்கூடச் சிந்தவில்லை. காற்றுப் படாமல் மூடியும் வைத்திருக்கிறார்.

"இது கொட்டினதில்ல, நிஷாந்த். மாத்தி வச்சது. தேயிலை வந்த பேக்கட் எங்க?"

குப்பைக்கூடையிலும் இல்லை. அடுப்படியிலும் இல்லை.

"யாரு வாங்கின தேயிலை?"

"வாங்கினதில்ல. அப்பாவோட தங்கச்சி, அங்கம்மா அத்தை அனுப்புறது. ஹல்துமுல்லைப் பக்கம் கல்லாத்துத் தோட்டத்துல இருக்காங்க. தோட்டத்துல குடுக்குற தூளை அந்தப் பேக்கட்டோடயே பஸ்ல குடுத்து விடுவாங்க."

"பேக்கட்டுல தோட்டத்துப் பேர் போட்டிருக்குமா?"

"பேரு, ஊரு எல்லாம் இருக்கும். மூணு மொழியிலயும்."

மபாஸ் விரலைச் சொடுக்கினான். "வாயால சொல்ல ஏலாத அட்ரஸை மனுஷன் கையில கொண்டு போயிருக்கார்!"

"இருக்காது" என்றான் நிஷாந்த். "அத்தை வீட்டுக்குப் போயிருப்பாரோன்னு நானும் நெனச்சேன். ஃபோன் அடிச்சேன், ஓஃப். ஆனா தன்னோட பேரையே சொல்லத் தெரியாதவரு அவ்வளவு தூரம் எப்படிங்க போவாரு?"

விஜயலெட்சுமி கோப்பையின்மேல் தட்டைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள். மனுவில் இந்தக் கோப்பை ஒரு பைத்தியக்காரத்தனமாக இடம்பிடிக்கும். இன்னும் எதுவெல்லாம் அப்படி இடம்பிடித்திருக்கிறது என்ற நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஹல்துமுல்லை வழியாகப் போய் வரும் பலாங்கொடை பஸ் பொழுது சாயும் நேரத்தில் நிலையத்துக்குத் திரும்பியது. கண்டக்டரோடு மபாஸ் சிங்களத்தில் பேசினான். கண்டக்டர் சிரித்துச் சிரித்துச் சொன்னதை அவனும் சிரித்துக்கொண்டே தமிழாக்கினான்.

"பேசாத மாமா ஒருத்தர் ஏறினாராம். டிக்கெட் எங்கேக்கின்னு கேட்டா, காலித் தேயிலை பேக்கட்டை நீட்டினாராம். இவர், எனக்குத் தேயிலை வேணாம், வீட்டுல நெறைய ஈக்குதுன்னு சொன்னாராம். மாமாவுக்குச் சிரிப்பு தாங்கலியாம். அப்புறம் பேக்கட்டுல ஊர்ப்பேரை விரலால குத்திக் காட்டினாராம். ஹல்துமுல்லையில இறங்கும்போது இவர்ட தோளைத் தட்டிட்டுப் போனாராம்."

"கேஸ் முடிஞ்சுது, அக்கா" என்று மபாஸ் கைகளைத் தட்டிக்கொண்டான். "காலையில போய்க் கூட்டிட்டு வாரது மட்டுந்தான் வேலை."

விஜயலெட்சுமி நிஷாந்துக்கு ஃபோன் பண்ணினாள். அவன் நீண்ட மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. "அப்பாடா! நாளைக்கு எனக்கு மொனராகலை ரூட், மேடம். சேல்ஸ் வேலை, போகாம இருக்க முடியாது. நீங்களே கூட்டிட்டு வந்துருங்க. கோவிச்சுக்காதீங்க."

விடியற்காலையில் புறப்பட்டார்கள். பண்டாரவளையைத் தாண்டியதும் மூடுபனி வண்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு வளைவில் பதுளைக்குப் போகும் பஸ் ஒன்று மலைப்பக்கமாக இவர்களை ஒதுக்கிவிட்டு இறங்கிப் போயிற்று. மபாஸ் அதற்கு இரண்டு வசவு கொடுத்துவிட்டுக் கண்ணாடியில் விஜயலெட்சுமியைப் பார்த்தான்.

"ஆள் கிடைச்சிட்டார். ஆனா உங்கட மூஞ்சி காணாமப் போன மாதிரி ஈக்குது."

"மபாஸ், ஒருத்தர் போக நெனச்ச எடத்துக்கு, நெனச்ச மாதிரியே, ஒரு வார்த்தை பேசாமப் போய்ச் சேர்ந்திருக்காரு. கண்டக்டர் பகிடிக்குச் சிரிச்சிருக்காரு. நான் அவரை என்னன்னு படம் எடுத்தேன்?"

"லோயர் கேட்டார், எடுத்தீங்க."

"கேட்டத எடுத்தேன். கேக்காதத வெட்டினேன்."

மபாஸ் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துப் பாதையைப் பார்த்தான்.

கல்லாத்துத் தோட்டத்தில் அங்கம்மாவின் லயத்து வீடு பூட்டிக் கிடந்தது. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் மலைக்குப் போய்விட்டார்கள். காலில் கட்டுப் போட்டிருந்ததால் வேலைக்குப் போகாத பக்கத்து வீட்டு மாரியாயி மட்டும் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கம்மாவா? அவ அண்ணனக் கூட்டிக்கிட்டு மொதப் பஸ்ஸுக்கே போயிட்டாளே."

"எங்க போனாங்க?"

"பதுளைக்கு."

"நாங்க அங்கயிருந்துதானே வாரோம்!" என்று மபாஸ் தலையில் கை வைத்தான். "அந்த வளைவுல நான் ஏசின பஸ்ஸு!"

விஜயலெட்சுமி மாரியாயியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "எதுக்குப் போறாங்கன்னு சொன்னாங்களா, அக்கா?"

"சொல்லலைங்க. நேத்து வந்ததுல இருந்து அண்ணே ஒரே நாள் எண்ணிக்கிட்டே இருந்தாரு. மொதல்ல அங்கம்மா பயந்து அழுதா. பெறகு அவளுக்கு என்னமோ வெளங்கியிருக்கணும். விடிஞ்சதும் நல்ல சீலையக் கட்டிக்கிட்டா, கெளம்பிட்டாங்க."

"நாள் எண்ணினாருன்னா எப்படி?"

மாரியாயி சுளகைக் கீழே வைத்துவிட்டு அழகரைப் போலவே இடது கையைத் தூக்கினாள். "ஞாயிறு... திங்க... செவ்வா... புதன்! அவ்வளவுதான். தரையில ஒரு தட்டு தட்டுவாரு. வாயத் தொட்டுக் காட்டுவாரு. சோறு போடவாண்ணேன்னு கேட்டேன். கும்பிட்டு வேணாம்னாரு. திரும்ப ஞாயிறுல இருந்து ஆரம்பிப்பாரு."

"வியாழன், வெள்ளி?"

"ம்ஹூம். ஒரு தடவகூட வரல. புதனோட நின்னுருவாரு."

விஜயலெட்சுமி எழுந்து, லயத்துக் கானைத் தாண்டி, தனியாகப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கைபேசியில் வெட்டாத படம் இன்னும் இருந்தது. அதை ஓடவிட்டாள்.

அழகர் நிஷாந்த் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். "ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்" என்கிறார். சட்டத்தரணிக்குக் கொடுத்த துண்டு இந்த இடத்தில் முடிந்துவிடும். வாரநாட்களை அர்த்தமில்லாமல் ஒப்புவித்துக்கொண்டிருக்கிறார் என்று மனுவில் எழுதினார்கள். ஆனால் படம் ஓடிக்கொண்டிருந்தது. அழகர் மேசையைத் தட்டுகிறார். உதட்டில் விரலை வைக்கிறார். பிறகு அந்த விரலை வாயிலிருந்து வெளியே எடுத்து, ஏதோ ஒன்று அங்கிருந்து வரவேண்டும் என்பதுபோல, முன்னால் நீட்டுகிறார். அவளையே பார்க்கிறார். அவள் ஒன்றும் சொல்லாததால் மறுபடியும் ஞாயிற்றிலிருந்து தொடங்குகிறார். மறுபடியும் அதே நாளில் நிற்கிறார், தட்டுகிறார், காத்திருக்கிறார்.

அப்போது படத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெண்குரல் கேட்கிறது. "சரிங்கய்யா, போதும் போதும்."

அது அவளுடைய குரல்.

மபாஸ் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தான். "புதனைப் புடிக்கிறதுக்கு ஞாயிறுல இருந்து வாரார், அக்கா" என்றான் மெதுவாக. "தனியா அந்தச் சொல்லு வரமாட்டேங்குது. வரிசையாச் சொன்னா வருது. வந்ததும் புடிச்சு நிப்பாட்டுறார்."

"புதன்கிழமை என்ன, மபாஸ்? புதன்கிழமை, வாய். சோறு இல்ல. வேற என்ன?"

மபாஸ் சட்டென்று நிமிர்ந்தான். "ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி போடுற எங்களுக்குக் கலண்டர் தேவையில்ல, அக்கா. ஏறுறவங்கட நோய் வருத்தத்தைப் பாத்தே கிழமையைச் சொல்லுவோம். திங்கள்னா சீனி வருத்தம். செவ்வாய்னா கண்ணு. புதன்னா..." அவன் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "புதன்னா பேச்சு. கதைக்க ஏலாதவங்களுக்குக் கதைக்கப் பழக்குற கிளினிக். புதன்கிழமை ஏறுறவங்க யாரும் என்னோட பேரம் பேசுறதில்ல."

வழக்கமாக இப்படி ஒன்றைச் சொன்னால் அவனே முதலில் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை.

வண்டி திரும்பி மேட்டில் ஏறும்போதே விஜயலெட்சுமி நிஷாந்தை அழைத்தாள்.

"நிஷாந்த், அப்பாவை டிஸ்சார்ஜ் பண்ணும்போது ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"மருந்து ஒழுங்காக் குடுக்கச் சொன்னாங்க, மேடம். உப்பைக் குறைக்கச் சொன்னாங்க."

"வேற?"

மறுபக்கம் வாகனம் ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போயிற்று. அது கடந்த பிறகு நிஷாந்தின் குரல் வந்தது.

"புதன்கிழமையில கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பேச்சுப் பயிற்சிக்கு. வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரணும்னாங்க."

"அப்பா பக்கத்துல இருந்தாரா?"

"இருந்தாரு. கட்டில்ல. புதன்தான் எனக்கு மொனராகலை ரூட். அடுத்த புதன், அடுத்த புதன்னு பாத்தேன். அப்புறம்... அப்புறம் மறந்தே போயிருச்சு, மேடம்."

"அவரு மறக்கல. ஒவ்வொரு நாளும் உங்ககிட்டச் சொல்லியிருக்காரு. என்கிட்டயும் சொன்னாரு."

"நான் பசறை தாண்டிட்டேன். திரும்புறேன்" என்றான்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கிளினிக்கின் வாசலில் நீளமான வாங்கில் அழகர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, முழங்கால்களுக்கிடையில் குடை. பக்கத்தில் அங்கம்மா. விஜயலெட்சுமி வேகமாக நடந்து வந்தவள், கையில் கைபேசி இருப்பதை மறந்துவிட்டாள்.

அழகர் முதலில் அவளைப் பார்த்தார். அப்புறம் கைபேசியைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

விஜயலெட்சுமி நின்ற இடத்திலேயே நின்றாள். கைபேசியை மபாஸிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றாள். துண்டு இறங்கவில்லை.

"யாரு தாயி நீ?" என்றாள் அங்கம்மா.

"நான்தான்... அவரைப் படம் எடுத்தவ."

அங்கம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பொழப்புக்கு வேற வேல கெடைக்கலையா ஒனக்கு?"

விஜயலெட்சுமி வாங்கின் மறுகோடியில் போய் உட்கார்ந்தாள்.

நிஷாந்த் வந்து சேர்ந்தபோது அழகரின் முறை நெருங்கியிருந்தது. அவன் அப்பாவின் முன்னால் வந்து நின்றான். கம்பனியின் பெயர் போட்ட தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான். அழகர் நகர்ந்து அவனுக்கு உட்கார இடம் விட்டார்.

உள்ளே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு இளம்பெண் மேசைக்குப் பின்னால் இருந்தாள். நிஷாந்தையும் அங்கம்மாவையும் உள்ளே விட்டாள். கதவு திறந்தே இருந்ததால் விஜயலெட்சுமிக்கு எல்லாம் கேட்டது.

"ஐயா, கதவைக் காட்டுங்க."

அழகர் இடது கையால் காட்டினார்.

"பென்சிலை எடுத்துக் கோப்பைக்குள்ள போடுங்க. சரி. இப்பக் கோப்பையைத் தங்கச்சிக்கிட்டக் குடுங்க. லொறிக்குத் தேத்தண்ணி ஊத்தினா ஓடுமா?"

அழகர் சத்தமாகச் சிரித்துத் தலையை ஆட்டினார். ஓடாது.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் இன்னும் சில கேள்விகள் கேட்டாள். பிறகு நிஷாந்தின் பக்கம் திரும்பினாள். "இவருக்கு எல்லாமே விளங்குது. சொல்றதுக்குத்தான் சொல்லு வரமாட்டேங்குது. அது வேற, புத்தி வேற. ஏன் இவ்வளவு நாள் கூட்டிட்டு வரல? ஆரம்பத்துலயே வந்திருந்தா இதவிடக் கூடுதலாப் பேச வந்திருக்கும்."

"இனி வராதா, மிஸ்?"

"வரும். ஆனா போன மாசங்கள் போனதுதான்."

நிஷாந்த் தலையைக் குனிந்தான். வெளியே வாங்கில் இருந்த விஜயலெட்சுமியும் தரையைப் பார்த்தாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பயிற்சி முடிந்து வெளியே வந்ததும் நிஷாந்த் அவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். "இப்ப நான் என்ன செய்யணும், மேடம்? லோயர் இதான் ஒரே வழின்னு சொன்னாரே."

"அவருக்கு விளங்கலைன்னாத்தான் அந்த வழி. நானும் அப்படித்தான் காட்டினேன், அவரும் நம்பினாரு. விளங்குதுன்னா நொத்தாரிசு கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிருச்சு. வீட்டு உறுதிப் பத்திரத்தை அவருக்கு வாசிச்சுக் காட்டலாம். இஷ்டம்னா கைநாட்டு வைப்பாரு. வங்கிக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் நீங்கதான் போகணும்னா, அவருக்காக நீங்க கையெழுத்துப் போடலாம்னு உங்க பேருக்கு ஒரு அற்றோணித் தத்துவம் எழுதிக் குடுப்பாரு. பிடிக்கலைன்னா திரும்ப எடுத்துக்குவாரு. அதுக்காக அவருக்குப் புத்தியில்லன்னு யாரும் தீர்ப்புச் சொல்லத் தேவையில்ல."

"வீட்டை விக்க மாட்டேன்னுட்டா?"

"மாட்டேன்னுவாரு. அவரு வீடு."

நிஷாந்த் அப்பாவின் முன்னால் முழங்காலை மடித்து உட்கார்ந்தான். "அப்பா, ஹாலிஎல வீட்டை விக்கட்டுமா?"

அழகர் யோசிக்கவே இல்லை. இடமும் வலமுமாக ஒரு தலையாட்டல். பிறகு மகனின் நெஞ்சில் விரலை வைத்தார். தன் நெஞ்சில் வைத்தார். சேர்ந்து போவோம் என்பதுபோல விரல்களை நடக்கவிட்டுக் காட்டினார்.

நிஷாந்த் விஜயலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தான். "இந்தக் கேள்வியை இன்னைக்குத்தான் முதல் தடவையாக் கேக்குறேன், மேடம்."

விஜயலெட்சுமி மபாஸிடமிருந்து கைபேசியை வாங்கினாள். அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அழகரிடம் போனாள்.

"ஐயா, அன்னைக்கு நீங்க சொன்னதை நான் பாதியில வெட்டிட்டேன். தப்பு என்னோடது. முழுப் படமும் இதுல இருக்கு. வெட்டினது நான்தான்னு கூண்டுல ஏறிச் சொல்லப் போறேன். படத்தையும் ஜட்ஜுக்குக் காட்டட்டுமா? அன்னைக்கு உங்களைக் கேக்காம எடுத்தேன். இன்னைக்குக் கேக்குறேன்."

அழகர் கைபேசியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. இடது கையால் கைபேசியை மெல்ல ஒதுக்கித் தள்ளினார். அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்தார். உதடுகள் கூடின, பிரிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது.

"என்னப்பா? என்ன வேணும்? தண்ணியா?" என்று நிஷாந்த் பதறினான்.

கிளினிக் வாசலில் அடுத்தவரைக் கூப்பிட வந்த அந்தப் பெண் கையை உயர்த்தினாள். "எடுத்துக் குடுக்காதீங்க. விடுங்க. அவரே சொல்லட்டும்."

விட்டார்கள். ஒரு தள்ளுவண்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று. அங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மபாஸ் ஒரு சத்தமும் போடாமல் சுவரோடு ஒட்டி நின்றான்.

"நா..." என்றார் அழகர். தலையை அசைத்துக்கொண்டார். மறுபடியும் மூச்சை இழுத்தார்.

"நான்."

சொல்லிவிட்டு மாவட்ட நீதிமன்றம் இருக்கும் திசையில் குடையை நீட்டினார்.

விஜயலெட்சுமி கைபேசியைப் பைக்குள் போட்டாள். அவர் வேண்டாம் என்ற படத்தை யாருக்கும் காட்ட முடியாது. ஆனால் வெட்டியவள் அவள். அதைச் சொல்லத்தான் வேண்டும், அதுவும் அவர் பேசுவதற்கு முன்னால்.

நிஷாந்த் சட்டத்தரணியை அழைத்துவிட்டான். மறுமுனையில் கோபமான குரல். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இல்லங்க சார், மனுவைத் திருப்பி எடுக்கணும். விசாரணை அன்னைக்கு அப்பாவும் வருவாரு. நானில்ல சார், அவருதான் பேசுவாரு. கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுவரைக்கும் எல்லாரும் காத்துக்கிட்டுத்தான் இருக்கணும்."